வெறுப்பு இயற்கையா? வர்ஜினியா ஏடுகள் சொல்லும் பதில்



சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் கூலிப் பாக்கிக்கு நம் சங்கம் மனு எழுதித் தரலாமா என்ற கேள்வி அன்று முடிவு காணாமல் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அப்போது மூத்த நண்பர் ஒருவர், இந்தச் சங்கத்துக்காக வீடு வீடாகச் சந்தா வசூலித்தவர், என்னிடம் சொன்னார்: "தம்பி, அவனவன் தன் இனத்தோடு சேர்வதுதான் இயற்கை. அமெரிக்காவைப் பார். வெள்ளைத் தொழிலாளி கறுப்புத் தொழிலாளியோடு என்றைக்காவது சேர்ந்தானா? சேர மாட்டான். அது ரத்தத்தில் ஊறியது. நம் ஆட்களை நாம் கவனித்தால் போதும்."

அந்த நண்பர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் சொன்னது உண்மையன்று. அவராக இட்டுக்கட்டியதும் அன்று. தோட்ட முதலாளிகள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தயாரித்துக் கடைக்கு அனுப்பிய சரக்கு அது. கைமாறிக் கைமாறி நம் சங்க அறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் பத்தாவது வரை படித்தவன். வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். ஆனால் இருபது ஆண்டுகளாக ரயில்வேயில் பதிவேடு எழுதிப் பிழைக்கிறேன். புதிதாக ஒரு விதி ஏட்டில் ஏறினால், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் குமாஸ்தாவுக்கு வந்துவிடும். நடக்காத ஒன்றைத் தடுக்க எந்த அதிகாரியும் சுற்றறிக்கை விடுவதில்லை. இந்த ஓர் அறிவைக் கையில் வைத்துக்கொண்டு, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த முதல் நிலையான குடியேற்றமாகிய வர்ஜினியாவின் சட்டங்களை ஆண்டு வரிசையில் பார்ப்போம், வாருங்கள்.

கம்பெனி நடத்திய நாடு

1607-ஆம் ஆண்டு மே மாதம் நூற்றுச் சொச்சம் ஆண்களும் சிறுவர்களும் ஜேம்ஸ்டவுன் என்ற இடத்தில் இறங்கினார்கள். சுதந்திரம் தேடி வந்தவர்களா? இல்லை! லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய வர்ஜினியா கம்பெனி அனுப்பிய ஆட்கள். லாபம் வேண்டும் என்பதுதான் கட்டளை. அந்தக் கம்பெனியின் பொருளாளராக இருந்து அதை நடத்திய சர் தாமஸ் ஸ்மித் யார் தெரியுமா? 1600-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரும் அவரே. பின்னாளில் சென்னப்பட்டினத்தில் கோட்டை கட்டிய கம்பெனியும் வர்ஜினியாவில் புகையிலை பயிரிட்ட கம்பெனியும் ஒரே வியாபாரிகளின் மேசையிலிருந்து பிறந்தவை.

முதலில் லாபம் வரவில்லை. பசிதான் வந்தது. 1609-10 குளிர்காலத்தை ஆங்கிலேயரே பட்டினிக்காலம் என்று பெயரிட்டு எழுதிவைத்தார்கள். சில நூறு பேரில் அறுபது பேர் அளவே அதிலிருந்து எழுந்து நடந்தார்கள். 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்பவர் விற்பனைக்கு ஏற்ற புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்தார். பிடித்தது சனியன்! 1617-இல் இருபதாயிரம் பவுண்டு எடை அளவுக்குப் புகையிலை கப்பலேறியது. தெருவில்கூடப் புகையிலை நட்டார்கள்.

புகையிலைக்கு வேண்டியது கைகள். நாற்றங்கால் போட வேண்டும், நாற்றைப் பறித்து மண்மேட்டில் நட வேண்டும், நுனி கிள்ள வேண்டும், பக்கச் சிம்பு ஒடிக்க வேண்டும், இலை இலையாகப் புரட்டிப் புழுப் பொறுக்க வேண்டும், வெட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டுப் பாடம் செய்து பீப்பாயில் அடைக்க வேண்டும். ஆண்டு முழுதும் முதுகு நிமிராத வேலை. மூன்று நான்கு வெள்ளாமையில் மண் செத்துவிடும். ஆகவே புது நிலம் வேண்டும், புது ஆள் வேண்டும். வர்ஜினியாவின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு பசியின் வரலாறுதான்.

1618-இல் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. சொந்தச் செலவில் ஓர் ஆளைக் கொண்டுவந்தால் ஐம்பது ஏக்கர் நிலம். நிலம் வந்த ஆளுக்கா? அன்று, கொண்டுவந்தவனுக்கு! ஆள் தலைக்கு நிலம் என்றால், அதிக ஏழைகளை இறக்கியவனே பெரிய பண்ணையார் ஆவான் என்பதை நான் விளக்கவா வேண்டும்?

பிள்ளை பிடிகாரர்கள்

இங்கிலாந்தில் அப்போது வேலையின்றி அலைந்த ஏழைகள் ஏராளம். கப்பல் கட்டணம் ஏறத்தாழ ஆறு பவுன். அதைக் கொடுக்க வழியில்லாதவன் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்தான். ஒரே தாளில் இரண்டு படி எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி. நான்கு முதல் ஏழு ஆண்டு வேலை. உணவு, உடை, இருக்க இடம் உண்டு, கூலி இல்லை. எஜமான் அந்தச் சீட்டை இன்னொருவனுக்கு விற்கலாம். சீட்டோடு ஆளும் போவான். எஜமானைக் கேட்காமல் கல்யாணம் செய்யக்கூடாது. வேலைக்காரப் பெண் பிள்ளை பெற்றால் ஒப்பந்தக் காலம் கூடும். ஓடிப்போய்ப் பிடிபட்டால் ஓடிய நாள்போல் இரண்டு மடங்கு வேலை.

மனமொப்பி வந்தவர்களும் உண்டு. ஏமாற்றியும் குடிக்க வைத்தும் கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு. 1619-இல் லண்டன் மாநகராட்சி தன் தெருவில் திரிந்த ஏழைக் குழந்தைகளில் நூறு பேரை வர்ஜினியாவுக்கு அனுப்பியது. அடுத்த தடவை சில குழந்தைகள் போக மறுத்தபோது, 1620 ஜனவரியில் அரசின் ஆலோசனைச் சபை அவர்களை வலுக்கட்டாயமாக அனுப்ப அதிகாரம் கொடுத்தது. நம் ஊரில் பிள்ளை பிடிகாரன் கோணிப்பையோடு வருவான் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவோம். அங்கே அவன் அரசாங்க முத்திரையோடு வந்தான்.

1623-இல் ரிச்சர்ட் ஃப்ரெத்தார்ன் என்ற இளைஞன் பெற்றோருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறு கிடைப்பதில்லை, உடன் வந்தவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், எப்படியாவது பணம் கட்டி என்னை மீட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். வெளியூர் போன பிள்ளையிடமிருந்து இப்படி ஒரு கடிதம் நம் வீடுகளுக்கு வந்ததில்லையா? 1624 வரை வர்ஜினியாவுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 1625-இல் தலை எண்ணியபோது இருந்தவர்கள் ஆயிரத்து இருநூறு சொச்சம். கம்பெனி திவாலாகி அரசனிடம் போனது. பங்குதாரர் பணத்தை இழந்தார்கள். ஆட்கள் உயிரை இழந்தார்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு வாசல்கள்

1619-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுனில் முதல் சட்டமன்றம் கூடியது. அமெரிக்க ஜனநாயகத்தின் தொட்டில் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஒயிட் லயன் என்ற ஆங்கிலக் கப்பல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை அங்கே இறக்கியது. அங்கோலாவில் சிறைப்பட்டு, போர்த்துகீசியக் கப்பலில் மெக்சிகோவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை நடுக்கடலில் கொள்ளையடித்துக் கொண்டுவந்து, உணவுப் பண்டத்துக்கு மாற்றினார்கள். ஓட்டுப் பெட்டியும் அடிமைச் சந்தையும் ஒரே வெயிலில் திறந்தன!

அந்த ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. வெளியூரில் பிழைக்கும் நாம் அதை அறிந்திருக்க வேண்டும். கீலும் தாரும் சோப்புச் சாம்பலும் காய்ச்சும் போலந்துத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். அந்நியர் என்பதால் அவர்களுக்கு ஓட்டு இல்லை. தகராறு எழுந்தது. வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று பின்னால் வந்தவர்கள் எழுதுவார்கள். கம்பெனி ஏட்டில் இருப்பது தகராறு என்ற செய்தி மட்டும்தான். ஆனால் முடிவு ஏட்டில் தெளிவாக இருக்கிறது. 1619 ஜூலை 21 அன்று அவர்களுக்கும் மற்றவர்களைப் போல உரிமை தரச் சம்மதித்தார்கள். அவர்களது தொழில் அவர்களோடு அழிந்துவிடாதபடி சில இளைஞர்களை அவர்களிடம் கற்க அனுப்பவும் தீர்மானித்தார்கள். கையில் தொழிலும் மனத்தில் உறுதியும் இருந்தால் அந்நியனும் உரிமை பெறலாம் என்பதற்கு இது சாட்சி. அதே சலுகையை ஆப்பிரிக்கருக்குத் தராததும் சாட்சிதான்.

சேர்ந்துதான் ஓடினார்கள்

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வெள்ளைத் தொழிலாளி கறுப்புத் தொழிலாளியோடு சேர்ந்தானா?

1640. ஹ்யூ க்வின் என்ற எஜமானிடமிருந்து மூன்று வேலையாட்கள் ஓடினார்கள். விக்டர், டச்சுக்காரன். ஜேம்ஸ் கிரெகரி, ஸ்காட்லாந்துக்காரன். ஜான் பஞ்ச், ஆப்பிரிக்கன். மூன்று ஊர், மூன்று மொழி, ஒரே படகு என்று சொல்லத் தகுந்த வாழ்வு. மேரிலாந்தில் பிடிபட்டார்கள். மூவருக்கும் முப்பது முப்பது கசையடி. முதல் இருவருக்கும் எஜமானிடம் ஓராண்டும் அரசாங்கத்துக்கு மூன்றாண்டும் கூடுதல் வேலை. ஜான் பஞ்சுக்கு? ஆயுள் முழுவதும் அடிமை வேலை!

குற்றம் ஒன்று, ஓடிய பாதை ஒன்று, கசையடி ஒன்று. தண்டனை மட்டும் இரண்டு. அந்த மூவரையும் பிரித்தது அவர்களுடைய ரத்தமா, நீதிமன்றத்தின் பேனாவா? நண்பரே சொல்லட்டும்.

வேறொரு சட்டம். 1661-இல் வர்ஜினியா சட்டமன்றம் சொன்னது: ஓர் ஆங்கில வேலைக்காரன் கறுப்பர்களோடு சேர்ந்து ஓடினால், அவர்கள் வேலைக்கு வராத நாட்களையும் அவனே உழைத்துக் கழிக்க வேண்டும். ஆயுள் அடிமைக்கு ஆண்டைக் கூட்ட வழியில்லையே, அதனால்! குமாஸ்தாவாக இதைப் படிக்கிறேன். சேர்ந்து ஓடுவது அடிக்கடி நடக்காதிருந்தால் இந்தச் சட்டம் எதற்கு?

1663-இல் கிளாஸ்டர் மாவட்டத்தில் வேலையாட்கள் ஆயுதமெடுத்து விடுதலை கேட்கத் திட்டமிட்டார்கள். பர்க்கன்ஹெட் என்ற ஒரு வேலைக்காரன் காட்டிக்கொடுத்தான். அவனுக்கு விடுதலையும் ஐயாயிரம் பவுண்டு புகையிலையும் பரிசு. திட்டம் அம்பலமான செப்டம்பர் 13-ஆம் நாளை ஆண்டுதோறும் புனித நாளாகக் கொண்டாட உத்தரவும் போட்டார்கள். எஜமானர்கள் எவ்வளவு நடுங்கியிருந்தால் ஆண்டவனுக்கு நன்றி சொல்லப் பண்டிகையே வைப்பார்கள்!

இடையில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. எலிசபெத் கீ என்ற பெண்ணின் தாய் ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். தந்தை ஆங்கிலேயர், நானும் ஞானஸ்நானம் பெற்றவள் என்று வழக்காடி 1656-இல் விடுதலை பெற்றார். உடனே விழித்துக்கொண்டார்கள். 1662-இல் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம். அடிமைப் பெண்ணிடம் எஜமானுக்கே பிறந்த பிள்ளையும் எஜமானின் சொத்து ஆயிற்று. 1667-இல் ஞானஸ்நானம் அடிமைத்தனத்தை மாற்றாது என்று சட்டம். 1669-இல் திருத்துவதற்காக அடிக்கும்போது அடிமை செத்துப்போனால் அது கொலைக்குற்றம் ஆகாது என்று சட்டம். தன் சொத்தை எவனும் வேண்டுமென்றே அழிக்கமாட்டான் என்பது அதற்குச் சொன்ன நியாயம். தூ!

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றுதான் என்று நம் மேடைகளில் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. ஒப்பந்தக் கூலிக்கு, உயிரோடு இருந்தால், ஒரு கடைசி நாள் இருந்தது. அவன் பிள்ளை அவனுக்குச் சொந்தம். அடிமைக்கு இரண்டும் இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்தால், அந்த வேறுபாட்டை எஜமானர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதும் மறைந்துபோகும்.

1676: எரிந்த தலைநகரம்

1670-இல் நிலமும் வீடும் இல்லாதவர்களின் ஓட்டைப் பறித்தார்கள். ஒப்பந்தம் முடிந்த ஏழைகளுக்கு நல்ல நிலம் மிச்சமில்லை. புகையிலை விலை விழுந்திருந்தது, வரி ஏறியிருந்தது. ஏழு பேரில் ஆறு பேர் ஏழைகள், கடனாளிகள், கோபக்காரர்கள், அதோடு ஆயுதமும் வைத்திருக்கிறார்கள், இவர்களை எப்படி ஆள்வது என்று கவர்னர் பெர்க்லியே புலம்பினார்.

1676-இல் நதானியேல் பேக்கன் என்ற இளம் பண்ணையார் தலைமையில் கலகம் வெடித்தது. செப்டம்பர் 19 அன்று ஜேம்ஸ்டவுன் எரிந்தது. கவர்னர் பக்கத்துப் பண்ணையார்களின் வேலையாட்களுக்கும் அடிமைகளுக்கும் விடுதலை என்று பேக்கன் அறிவித்தார். அக்டோபரில் அவர் சீதபேதியில் இறந்தார். தலைவன் போன பிறகும் எளியவர்கள் கலையவில்லை. கிராந்தம் என்ற கப்பல் தலைவன் விடுதலை தருவதாகப் பொய் வாக்குக் கொடுத்துப் பலரைக் கலைத்தான். எண்பது கறுப்பர்களும் இருபது ஆங்கில வேலையாட்களும் துப்பாக்கியைக் கீழே வைக்க மறுத்தார்கள். படகில் ஏற்றி, பீரங்கியை நேரே திருப்பி, அவர்களைப் பிடித்தார்கள்.

எண்பது பேர், இருபது பேர். கடைசி வரை ஒன்றாக நின்றவர்கள். ரத்தத்தில் ஊறிய பகை என்றாரே நண்பர், அந்தப் பகை அந்தப் படகில் எங்கே போனது?

ஆனால் பேக்கனுக்கு மாலை போட நான் வரவில்லை. நம் பக்கத்தில் உள்ள சிலரும் அவரை ஏழைகளின் தலைவராக எழுதுகிறார்கள். அவர் கவர்னர் மனைவியின் உறவுக்காரர்; ஆலோசனைச் சபை உறுப்பினர். கலகத்தின் முதல் கோரிக்கை என்ன? செவ்விந்தியர்களைக் கொல்ல அனுமதி கொடு, அவர்கள் நிலத்தைத் திறந்துவிடு! எதிரி யார், நட்பு யார் என்றுகூடப் பார்க்காமல், ஆங்கிலேயருக்கு உதவி செய்த ஆக்கனீச்சி மக்களையும் வாக்குக் கொடுத்து வாழ்ந்த பமுங்கி மக்களையும் பேக்கனின் ஆட்கள் தாக்கினார்கள்.

அந்த மண் யாருடையது? 1607-இல் பொஹாட்டன் தலைமையில் முப்பது இனக்குழுக்கள் வாழ்ந்த நாடு அது. புகையிலைக்காக நிலம் போய்க்கொண்டே இருந்தபோது 1622 மார்ச் 22 அன்று ஒப்பசங்கனோ தலைமையில் திருப்பி அடித்தார்கள். குடியேறிகளில் 347 பேர் செத்தார்கள். அதைச் சாக்காக வைத்து ஆண்டுக்கணக்கில் சோளக்கொல்லைகளை எரித்தார்கள். 1646-இல் முதிர்ந்த ஒப்பசங்கனோவைச் சிறைப்பிடித்து, காவலாளி ஒருவன் முதுகில் சுட்டான். 1669-இல் ஐந்து வில்லாளருக்கு ஓர் ஓநாய்த் தலை கொண்டுவர வேண்டும் என்று அந்த மக்களுக்கே வரி போட்டார்கள். அந்தக் கணக்கில் மிஞ்சியிருந்த வில்லாளர் 725 பேர்!

ஆகவே ஒன்றை மறவாதீர்கள். வெள்ளை ஏழையும் கறுப்பு ஏழையும் சேர்ந்தார்கள் என்பது உண்மை. மூன்றாவது ஏழையின் நிலத்தின்மேல் கால் வைத்துச் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. அந்த ஒற்றுமை ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடக்கிறது.

பிரித்ததற்குக் கொடுத்த விலை

பெர்க்லி 23 பேரைத் தூக்கிலிட்டார். ஆனால் தூக்குக் கயிறு போதாது என்பதைப் பண்ணையார்கள் கற்றுக்கொண்டார்கள். அதன்பின் ஆப்பிரிக்கரை இறக்குவது ஏறியது. 1680-இல் மூவாயிரம் என்று மதிப்பிடப்பட்ட கறுப்பர் தொகை 1700-இல் பதினாறாயிரம் அளவுக்குப் போனது. கலகம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். இங்கிலாந்திலிருந்து வரும் ஆட்கள் குறைந்தார்கள். அடிமைக் கப்பல்கள் பெருகின. ஆனால் சட்டங்களைப் பாருங்கள்.

1680: கறுப்பர் கையில் துப்பாக்கி, வாள் மட்டுமன்று, தடிகூட இருக்கக்கூடாது, எஜமானின் அனுமதிச் சீட்டின்றி வெளியே போகக்கூடாது. 1691: கறுப்பரையோ செவ்விந்தியரையோ மணந்த வெள்ளையர் மூன்று மாதத்தில் நாடு கடத்தப்படுவர். 1705: அடிமைகள் வளர்த்த குதிரை, மாடு, பன்றிகளைப் பறித்து விற்று, அந்தப் பணத்தைத் திருச்சபை வட்டத்தின் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதே 1705 சட்டத்தில், நீதிபதி உத்தரவின்றி வெள்ளைக் கிறிஸ்தவ வேலைக்காரனை ஆடை களைந்து அடிக்கக்கூடாது. ஒப்பந்தம் முடிந்த ஆணுக்குப் பத்து மரக்கால் சோளம், முப்பது ஷில்லிங், ஒரு துப்பாக்கி தர வேண்டும்.

மரக்கால் என்றது நம் வழக்கில். அங்கே புஷல் அளவு. அளவா முக்கியம்? ஒருவன் கையிலிருந்த தடியைப் பிடுங்கிய சட்டமன்றம் இன்னொருவன் கையில் துப்பாக்கியைத் திணித்தது. கறுப்பனின் பன்றியை விற்று வெள்ளை ஏழைக்குக் கஞ்சி ஊற்றியது. வெறுப்பு தானாக முளைத்திருந்தால் இத்தனை செலவு எதற்கு? முன்பே தப்பெண்ணங்கள் இருந்தன. இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தத் தப்பெண்ணத்துக்குச் சோறு போட்டு வளர்த்து, காவலுக்கு நிறுத்தியது சட்டம்.

சரி, வெள்ளை ஏழைக்கு என்ன கிடைத்தது? ஆடையோடு அடி வாங்கும் உரிமை! நல்ல நிலம் பெரிய பண்ணைகளிடமே தங்கியது. நிலமில்லாத வெள்ளையன் குத்தகைக்காரனாகவும் மேற்பார்வைக்காரனாகவும் காலம் கழித்தான். தன்னைவிடக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற திருப்தியைக் கூலியாக வாங்கிக்கொண்டு, தன் கூலியைக் கேட்க மறந்தான்.

நமக்கு ஏன் இந்தக் கதை?

1635-இல் வர்ஜினியாவில் ஐம்பது ஏக்கர் கணக்குக்காகப் பதிந்த பெயர்களில் ஒன்று 'டோனி, கிழக்கிந்தியன்'. எந்த ஊர், எந்த மொழி என்று ஏட்டில் இல்லை. அவனைத் தமிழன் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. ஆனால் அதே ஒப்பந்தச் சீட்டு, அடிமை முறை ஒழிந்தபின், நம் மக்களைத் தேடி வந்தது. மொரீஷியசுக்கும், 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும் நம்மவர்களைக் கப்பலேற்றியது. அங்கேயும் காப்பிரியை நம்பாதே என்று தமிழனுக்கும், கூலியை நம்பாதே என்று ஆப்பிரிக்கனுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 1960-களின் இறுதியில் பம்பாயில் நம் தகப்பன்மார்களின் இட்லிக் கடைகளை உடைத்தவர்களும் ஏழைகள்தாம். எவன் வேலையை எவன் பறித்தான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்தாம் ஏழைகள் அல்லர்.

இன்று அந்தத் துப்புரவுத் தொழிலாளியைப் பார்த்து நாம் அதே வார்த்தையைச் சொல்லப்போகிறோமா? நமக்கு நிரந்தர வேலை, சீருடை, ஓய்வுக்குப்பின் ஏதோ ஒன்று. அவனுக்கு ஒப்பந்தக்காரன் கொடுத்தால் உண்டு. இந்த வேறுபாட்டை ஏட்டில் எழுதியவன் அவன் அல்லன். நாமும் அல்லோம். ஆனால் அதைக் காவல் காக்க நம்மை நிறுத்தியிருக்கிறார்கள். நாளை நம் இருக்கைக்கும் ஒப்பந்தக்காரன் வரும்போது, நமக்காக மனு எழுத யார் இருப்பார்கள்?

அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை நான் மறுபடியும் கொண்டுவருகிறேன். கூலிப் பாக்கி என்று நம் சங்க வாசலுக்கு வரும் எவரிடமும் முதலில் ஊரைக் கேட்கக்கூடாது. பாக்கி எவ்வளவு, எத்தனை நாள் என்றுதான் கேட்க வேண்டும். இந்தி எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், ஒரு மேசை, இரண்டு பேர் போதும். ஒரு பேர் நான். மூத்த நண்பரும் கூட்டத்துக்கு வரட்டும், எதிர்த்துப் பேசட்டும். பேசி முடித்தபின் இரண்டாவது நாற்காலியில் அவர் உட்காருவார் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.